பண்டமாரானில் பட்டாணி காய்க்குமா?

மாணவர்களே, விதைக் கடைகளிலும் இணைய அங்காடிகளிலும் பட்டாணி விதைப் பொட்டலங்கள் இப்போது எளிதாகக் கிடைக்கின்றன. முன்பக்கத்தில் கொழுத்த பச்சைக் காய்களின் படம். பின்பக்கத்தில் அறுபது, எழுபது நாளில் அறுவடை என்ற வாசகம். பள்ளி அறிவியல் செயல்திட்டத்துக்கு ஏற்றது என்று நினைத்துப் பலரும் அதைத்தான் வாங்குகிறார்கள்.

அதைப் பண்டமாரானில் ஒரு தொட்டியில் ஊன்றினால் என்ன நடக்கும்? ஒரு வாரத்துக்குள் முளைத்துவிடும். இரண்டு மூன்று வாரத்தில் மெல்லிய பற்றுக்கம்பிகளை நீட்டிக் கயிற்றைப் பிடித்துக்கொள்ளும். பார்ப்பதற்கு அழகாக இருக்கும். அதன் பிறகு அடியிலைகள் மஞ்சளாகும். ஒன்றிரண்டு பூ தலைகாட்டி உதிரும். காய் விட்டாலும் அதில் ஒரு மணியோ இரண்டு மணியோதான் இருக்கும். உரம் போதவில்லை என்று ஒருவர் சொல்வார், தண்ணீர் அதிகம் என்று இன்னொருவர் சொல்வார். உரத்தைக் கூட்டினாலும் தண்ணீரைக் குறைத்தாலும் அந்தச் செடி பெரிதாகத் தேறுவதில்லை. முக்கியக் காரணம் தொட்டிக்குள் இல்லை. தொட்டியைச் சுற்றியுள்ள காற்றில் இருக்கிறது.

குளிர்காலத்துப் பயிர்

பட்டாணியின் பூர்வீகம் மேற்காசியா. ஏறக்குறைய பத்தாயிரம் ஆண்டுகளுக்கு முன் கோதுமை, பார்லியோடு சேர்த்து மனிதன் பயிரிடத் தொடங்கிய செடிகளில் அதுவும் ஒன்று. அங்கே மழை பெய்வது குளிர்காலத்தில். ஆகவே குளிரில் முளைத்து, குளிரில் வளர்ந்து, வெயில் ஏறும் முன்பே காய்த்து முடிப்பது அதன் இயல்பு. 13 முதல் 18 டிகிரி செல்சியஸ்தான் அதற்கு மிகவும் உகந்த வெப்பநிலை. கிள்ளான் வட்டாரத்தில் பகலில் 32, 33 டிகிரி அடிக்கிறது. விடியற்காலையில்கூட 24 டிகிரிக்குக் கீழே இறங்குவது அரிது.

பகல் வெப்பத்தைவிட இரவு வெப்பத்தைத்தான் நீங்கள் கூர்ந்து கவனிக்க வேண்டும். பகலில் செடி ஒளிச்சேர்க்கையால் சர்க்கரை தயாரிக்கிறது. சுவாசமோ பகல், இரவு இரண்டிலும் நடந்துகொண்டே இருக்கிறது. அது அந்தச் சர்க்கரையைச் செலவழிக்கிறது. வெப்பநிலை 10 டிகிரி கூடினால் சுவாச வேகம் ஏறக்குறைய இரண்டு மடங்காகும் என்பது தாவரவியலில் பொதுவான கணக்கு. 14 டிகிரி இரவில் ஒரு பங்கு சர்க்கரை செலவானால், பண்டமாரானின் 24 டிகிரி இரவில் இரண்டு பங்கு செலவாகிறது. பகலில் சம்பாதித்ததை இரவில் தின்று தீர்க்கும் செடியிடம் காய்க்கும் விதைக்கும் மிஞ்சுவது கொஞ்சம்தான்.

பகல் வெப்பம் வேறு வகையில் கெடுக்கிறது. 30 டிகிரியைத் தாண்டிய வெப்பம் தொடர்ந்தால் பட்டாணியின் மகரந்தம் வலுவிழக்கிறது. மகரந்தக் குழல் சூலைச் சரியாகச் சென்றடையாததால் பூவும் பிஞ்சும் உதிர்கின்றன. ஒரு காயில் எட்டு மணி இருக்க வேண்டிய இடத்தில் இரண்டே இருப்பதற்கு இதுதான் காரணம்; கருவுற்ற சூல்கள் மட்டுமே மணியாகும்.

அப்படியானால் வெப்பநாடுகளில் பட்டாணி எங்கே விளைகிறது? உயரத்துக்குப் போக வேண்டும். ஆயிரம் மீட்டர் ஏறினால் வெப்பநிலை சுமார் 6 டிகிரி குறையும். கேமரன் மலையில் தானா ராத்தா கடல் மட்டத்திலிருந்து ஏறக்குறைய 1,400 மீட்டர் உயரத்தில் உள்ளது. கிள்ளானில் விடியற்காலை 24 டிகிரி என்றால் அங்கே எவ்வளவு இருக்கும் என்று நீங்களே கணக்குப் போட்டுப் பாருங்கள். தமிழ்நாட்டில் 2,240 மீட்டர் உயரத்திலுள்ள ஊட்டியின் பட்டாணிக்குத் தனிப் பெயரே உண்டு. வட இந்தியச் சமவெளியில் உயரம் இல்லை, ஆனால் உண்மையான குளிர்காலம் இருக்கிறது. அக்டோபர், நவம்பரில் விதைத்துவிடுகிறார்கள். நமக்கு இந்த இரண்டுமே இல்லை.

மெண்டல் முதலில் செய்த வேலை

படிவம் ஐந்து உயிரியலில் மரபுவழிப் பாடத்தைத் திறந்தால் கிரிகோர் மெண்டலும் பட்டாணியும் சேர்ந்தே வருவார்கள். 3:1 என்ற விகிதத்தை எல்லாரும் மனப்பாடம் செய்கிறோம். அவர் ரகங்களை எப்படித் தேர்ந்தெடுத்தார் என்பதைப் பலரும் தாண்டிப் போய்விடுகிறோம். என் கணிப்பில் தோட்டம் போடுபவருக்கு அதில்தான் அதிகப் பாடம் இருக்கிறது.

இன்றைய செக் நாட்டிலுள்ள புர்னோ நகரின் மடத்துத் தோட்டத்தில் அவர் 1856 முதல் 1863 வரை கலப்புச் சோதனைகள் செய்தார். அவற்றைத் தொடங்கும் முன் விதை வணிகர்களிடமிருந்து 34 பட்டாணி ரகங்களை வாங்கி, இரண்டு ஆண்டுகள் சும்மா வளர்த்துப் பார்த்தார். தாய்ச்செடி எப்படியோ பிள்ளைச் செடியும் அப்படியே வருகிறதா என்று சோதித்தார். அதன் பிறகே 22 ரகங்களைக் கலப்புக்கு எடுத்துக்கொண்டார். அந்தப் பொறுமை இல்லாவிட்டால் அந்த விகிதம் அவர் கண்ணில் பட்டிருக்காது. உருண்டை மணி, சுருங்கிய மணி சோதனையில் இரண்டாம் தலைமுறையில் அவர் எண்ணியவை 5,474 உருண்டை, 1,850 சுருக்கம். வகுத்துப் பாருங்கள், 2.96 வரும்.

அன்று மெண்டல் கண்ட பண்புகள்தான் இன்றும் விதைப் பொட்டலத்தில் வேறு சொற்களில் அச்சாகின்றன. நெட்டை, குட்டை என்பதை எடுத்துக்கொள்வோம். குட்டை ரகத்தில் ஜிபெரலின் என்னும் வளர்ச்சி ஹார்மோனைச் செயல்படும் வடிவத்துக்கு மாற்றும் நொதி சரியாக வேலை செய்வதில்லை. கணுக்களுக்கு இடையிலான தண்டு நீள்வது குறைகிறது. இந்த மரபணுவை 1997-இல் அடையாளம் கண்டார்கள். தொட்டியில் வளர்ப்பவருக்குக் குட்டை ரகம் வசதி, உயரமான பந்தல் தேவையில்லை. சுருங்கிய மணிக்குக் காரணம், மாவுச்சத்தைக் கிளைவிட்டு அடுக்கும் நொதி இல்லாமற்போவது. 1990-இல் இங்கிலாந்தின் ஜான் இன்னஸ் ஆய்வு நிலையத்தார் அந்த மரபணுவின் நடுவே வேறொரு டி.என்.ஏ. துண்டு புகுந்திருப்பதைக் கண்டார்கள். மாவாக மாறாத சர்க்கரை மணியிலேயே தங்குகிறது. அது தண்ணீரையும் அதிகமாக இழுத்து வைத்துக்கொள்கிறது. மணி காயும்போது தோல் சுருங்குகிறது. அதனால்தான் சுருங்கிய விதையுள்ள ரகங்கள் பச்சையாகச் சாப்பிட இனிக்கின்றன. கச்சாங் பூத்தே வண்டியில் வறுத்து விற்கும் பட்டாணியைக் கையில் எடுத்து உருட்டிப் பாருங்கள், எந்தப் பக்கத்தைச் சேர்ந்தது என்று தெரியும்.

பிடிவாதமாகப் பட்டாணியே வேண்டும் என்பவருக்கு ஒரு வழி சொல்லலாம். சீக்கிரம் பூக்கும் குட்டை ரகமாகவோ, தோலோடு சமைக்கும் தட்டைக் காய் ரகமாகவோ தேடுங்கள். தாமதமாகப் பூக்கும் ரகங்கள் நீண்ட பகலுக்காகக் காத்திருப்பவை. நமக்கு அவை உதவா. காலை வெயில் மட்டும் படும் கிழக்குப் பக்கத்தில் வையுங்கள். மேகமூட்டம் அதிகமுள்ள நவம்பர் மாதத்தில் தொடங்குங்கள். கிடைப்பது ஒரு கைப்பிடி என்று மனத்தைத் தயார் செய்துகொள்ளுங்கள்.

பேரங்காடிகளில் டோமியாவ் என்ற பெயரில் விற்கும் பட்டாணித் தளிரை வளர்ப்பது அதைவிடப் புத்திசாலித்தனம். பூவும் காயும் தேவைப்படாத அறுவடை அது. வெப்பம் கெடுக்கும் கட்டத்துக்குச் செடி போவதற்குள் நாம் வெட்டிவிடுகிறோம். மளிகைக் கடையில் வாங்கும் முழுப் பட்டாணியே போதும். உடைத்த பருப்பு முளைக்காது, உடைக்கும்போதே கரு சிதைந்துவிடுகிறது. ஓட்டை விழுந்த மணிகளைப் பொறுக்கி எறிந்துவிட்டு, ஓர் இரவு ஊறவைத்து, வடிகால் துளையுள்ள தட்டில் இரண்டு விரற்கடை மண்ணின் மேல் நெருக்கமாகப் பரப்பி, லேசாக மண்ணால் மூடுங்கள். பத்திலிருந்து பதினான்கு நாளில் ஒரு சாண் உயரம் வரும். அடியில் ஒரு கணுவை விட்டு வெட்டினால் மீண்டும் துளிர்க்கும். இதற்கும் காரணம் உண்டு. பட்டாணியின் வித்திலைகள் மண்ணுக்கடியிலேயே தங்கிவிடுகின்றன. உணவுச் சேமிப்பும் அடிமொட்டும் கத்திக்கு எட்டாத இடத்தில் பத்திரமாக இருக்கின்றன. பயத்தங்காய் முளையில் வித்திலைகள் மண்ணுக்கு மேலே வந்துவிடும். அவற்றுக்குக் கீழே வெட்டினால் அத்தோடு முடிந்தது.

ஓர் எச்சரிக்கை: இளஞ்சிவப்பு, நீலம் என்று சாயம் பூசிய விதையைத் தளிருக்குப் பயன்படுத்தக் கூடாது. அது பூஞ்சைக்கொல்லி மருந்து தடவிய விதை.

நம் வெயிலுக்குப் பிறந்த உறவினர்கள்

பட்டாணிக் குடும்பம் பெரியது. அதில் வெப்பத்துக்கென்றே பிறந்தவர்கள் இருக்கும்போது குளிர்நாட்டு விருந்தாளியிடமே கெஞ்சிக்கொண்டிருக்க வேண்டியதில்லை.

என் முதல் தேர்வு பயத்தங்காய். மலாயில் கச்சாங் பாஞ்சாங் என்று சந்தையில் கட்டுக்கட்டாக விற்கிறதே, அதுதான். இதன் மூதாதை தட்டைப்பயறு, ஆப்பிரிக்காவைச் சேர்ந்தது. ஆசியாவுக்கு வந்த பிறகு நீண்ட காய்க்காகவே பொறுக்கி வளர்க்கப்பட்ட கிளை இது. பட்டாணி சோர்ந்து நிற்கும் 32 டிகிரியில் இது துள்ளி வளரும். இளம்பச்சை, கரும்பச்சை, ஊதா என்று காயின் நிறத்திலும், சிவப்பு, கறுப்பு, வெள்ளை என்று விதையின் நிறத்திலும் ரகங்கள் வேறுபடும். கொடி ரகமா, புதர் ரகமா என்று கேட்டு வாங்குங்கள். ஊதாக் காயை வேகவைத்தால் நிறம் போய்விடும். அந்தச் சாயம் தண்ணீரில் கரைவது. அதே தண்ணீரில் எலுமிச்சைச் சாற்றையும் சமையல் சோடாவையும் தனித்தனியே கலந்து நிறம் மாறுவதைப் பார்த்தால் அமிலம், காரம் பாடத்துக்கும் ஒரு சோதனை ஆகிவிடும்.

தெரஸ் வீட்டில் மண் தரை இல்லையே என்று கவலைப்பட வேண்டாம். 20 லிட்டர் பெயிண்ட் வாளி ஒன்றைக் கழுவி, அடியில் ஏழெட்டுத் துளை போடுங்கள். கிள்ளான் கரையோரத்து மண் பெரும்பாலும் கடல் சேறு படிந்த களிமண். தண்ணீர் தேங்கும், வேருக்குக் காற்று கிடைக்காது. அதனால் தோட்ட மண்ணோடு மணலும் மக்கிய குப்பையும் கலப்பது நல்லது. வாளிக்கு மூன்று விதை, இரண்டு மூன்று சென்டிமீட்டர் ஆழம். வலுவான இரண்டு நாற்றை விட்டுவிட்டு மற்றதைக் கிள்ளிவிடுங்கள். நாளுக்கு ஆறு மணி நேரமாவது நேரடி வெயில் வேண்டும். கொடிக்கு இரண்டு மீட்டர் கம்பு நடுங்கள். பட்டாணி பற்றுக்கம்பியால் பிடிப்பது, அதற்கு மெல்லிய கயிறோ வலையோ வேண்டும். பயத்தங்காய் தண்டையே சுற்றி ஏறுவது, அதற்குக் கம்பே போதும். எந்தத் திசையில் சுற்றுகிறது என்று பார்த்துக் குறித்துக்கொள்ளுங்கள். எதிர்த்திசையில் நீங்கள் சுற்றிவிட்டால் ஒப்புக்கொள்ளாமல் அவிழ்ந்து கொள்ளும்.

ஐந்தாறு வாரத்தில் பூக்கும். பூ விரிந்து பத்துப் பன்னிரண்டு நாளில், மணி புடைக்கும் முன் பறிக்க வேண்டும். பறிக்காமல் முற்றவிட்டால் செடி தன் வேலை முடிந்தது என்று பூப்பதைக் குறைத்துவிடும்.

அடுத்தது சிறகவரை, அதாவது கச்சாங் போத்தோல். நான்கு பக்கமும் சிறகு வைத்த காய். இளங்காயைப் பச்சையாகவே ஊலாமில் சாப்பிடலாம். இலை, பூ, கிழங்கு என்று அனைத்தும் உணவு. முற்றிய விதையை மட்டும் நன்றாக வேகவைத்தே சாப்பிட வேண்டும். விதையில் சோயாவுக்கு நிகரான புரதம் இருப்பதால், 1975-இல் அமெரிக்க தேசிய அறிவியல் கழகம் வெப்ப நாடுகளுக்கான புரதப் பயிர் என்று இதைப் பற்றித் தனி அறிக்கையே வெளியிட்டது. விதைத் தோல் கெட்டி. உப்புத்தாளில் லேசாகத் தேய்த்து ஊறவைத்தால் சீக்கிரம் முளைக்கும்.

சிறகவரை பகல் நீண்டால் பூக்க மறுக்கும். கோடைப் பகல் நீளும் நாடுகளில் இதனால் தொல்லை. பண்டமாரான் இருப்பது நிலநடுக்கோட்டிலிருந்து மூன்று பாகை வடக்கே. இங்கே ஆண்டின் மிக நீண்ட பகலுக்கும் மிகக் குறுகிய பகலுக்கும் வேறுபாடு சுமார் 20 நிமிடம்தான். சென்னையில் அது ஒன்றரை மணி நேரம். பாட்டி சொல்லும் ‘ஆடிப் பட்டம் தேடி விதை’ என்ற பழமொழியையும் இந்த வேறுபாட்டோடு சேர்த்துப் பாருங்கள். தமிழ்நாட்டில் ஆடியில் ஊன்றிய அவரை, பகல் குறுகும் மார்கழி, தையில் பூத்துக் குலுங்கும். ஆடிக்குப் பின்வரும் பருவமழையும் அதற்குக் கைகொடுக்கும். நம் மேற்குக் கரையில் மழை உச்சம் தொடுவது ஏப்ரலிலும் அக்டோபர், நவம்பரிலும். ஆடி வரும் ஜூலையோ வறண்ட மாதங்களில் ஒன்று. பழமொழி பொய்யில்லை, அது வேறு ஊரின் நாள்காட்டி. இங்கே பயத்தங்காயை எந்த மாதத்திலும் ஊன்றலாம், அடைமழை வாரங்களை மட்டும் தவிர்த்தால் போதும்.

வேரைக் கிளறிப் பாருங்கள்

பயிர் முடிந்ததும் செடியைப் பிடுங்கி எறியாதீர்கள். மண்ணைத் தண்ணீரில் கரைத்து வேரைப் பாருங்கள். சிறு சிறு முண்டுகள் இருக்கும். அவற்றுக்குள் வாழும் பாக்டீரியா காற்றிலுள்ள நைட்ரஜனை அம்மோனியாவாக மாற்றிச் செடிக்குக் கொடுக்கிறது; பதிலுக்குச் சர்க்கரை வாங்கிக்கொள்கிறது. ஒரு முண்டைப் பிளேடால் வெட்டுங்கள். உள்ளே இளஞ்சிவப்பாக இருந்தால் வேலை நடக்கிறது என்று பொருள். அந்த நிறம் நம் இரத்தத்து ஹீமோகுளோபினின் உறவினரான லெக்ஹீமோகுளோபினுடையது. நைட்ரஜனை மாற்றும் நொதி ஆக்சிஜன் பட்டால் கெட்டுவிடும். ஆக்சிஜனைப் பிடித்து அளவாக வழங்குவதே இந்தச் சிவப்புப் புரதத்தின் பணி. வெள்ளையாகவோ பச்சையாகவோ இருந்தால் அந்த முண்டு வேலை தொடங்கவில்லை அல்லது ஓய்ந்துவிட்டது.

இதிலும் ரகத் தேர்வு ஒளிந்திருக்கிறது. வேர் கசியவிடும் ஒரு வேதிப்பொருளை அடையாளம் கண்டுதான் பாக்டீரியா உள்ளே வருகிறது, பூட்டுக்கேற்ற சாவிபோல. பட்டாணியின் பூட்டுக்குச் சில ரைசோபியங்கள் மட்டுமே பொருந்தும். பயத்தங்காயோ வெப்பமண்டல மண்ணில் பரவலாகக் காணப்படும் பிராடிரைசோபியம் வகைகள் பலவற்றை ஏற்றுக்கொள்ளும். மண் அதிகப் புளிப்பாக இருந்தால் முண்டு உண்டாவது குறையும். தோட்டச் சுண்ணாம்பு ஒரு கைப்பிடி கலந்தால் சரியாகும். வெற்றிலைச் சுண்ணாம்பு வேண்டாம், வேரைச் சுட்டுவிடும். நைட்ரஜன் மிகுந்த உரத்தை அள்ளிப் போட்டாலும் முண்டு வராது. கடையிலேயே சாப்பாடு கிடைக்கும்போது வீட்டில் யார் அடுப்பு மூட்டுவார்கள்? இலை மட்டும் செழித்துக் காய் குறைவதற்கு உரமே காரணமாகலாம்.

பூச்சிகளைப் பற்றிச் சுருக்கமாக. தளிரில் கறுப்பாக அசுவினி மொய்த்தால் குழாய்த் தண்ணீரை வேகமாகப் பீய்ச்சுங்கள்; அவற்றைக் காவல் காக்கும் எறும்புகளையும் விரட்ட வேண்டும். காயில் துளை தெரிந்தால் உள்ளே புழு, பறித்து அழித்துவிடுங்கள். பூச்சியைவிட நான் அஞ்சுவது தொட்டிக்கடியில் வைக்கும் தட்டை. ஏடிஸ் கொசு முட்டையிலிருந்து பறக்கும் நிலைக்கு வர ஒரு வாரம், பத்து நாள் போதும். டிங்கிக் காய்ச்சல் மிகுந்த சிலாங்கூரில் அந்தத் தட்டில் தேங்கும் நீர் வீட்டுக்கும் அண்டை வீட்டுக்கும் ஆபத்து. தட்டே வேண்டாம், வைத்தால் இரண்டு மூன்று நாளுக்கு ஒருமுறை கவிழ்த்துத் தேய்த்துக் கழுவுங்கள்.

ஒரு செயல்திட்டம்

ஒரே அளவு வாளி இரண்டு, ஒரே மண், ஒரே வெயில். ஒன்றில் குட்டைப் பட்டாணி, மற்றதில் பயத்தங்காய். காலை 6 மணிக்கும் பிற்பகல் 2 மணிக்கும் வெப்பமானியைப் பார்த்து எழுதுங்கள். எத்தனை பூ விரிந்தது, எத்தனை காயானது, ஒரு காயில் எத்தனை மணி என்று எண்ணுங்கள். கேமரன் மலையில் உறவினரோ நண்பரோ இருந்தால் மூன்றாவது வாளியை அங்கே வைக்கச் சொல்லுங்கள். எண்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் ஆசிரியருக்கு நீங்கள் அதிகம் விளக்க வேண்டியிருக்காது.

அதற்கு மேல் ஆர்வமுள்ளவர்கள் மெண்டல் வேலையையே செய்து பார்க்கலாம். பயத்தங்காயும் பட்டாணியைப் போலத் தன் மகரந்தத்தாலேயே கருவுறுவது. அதனால் ஒரு ரகத்தின் விதையை எடுத்து வைத்தால் பெரும்பாலும் அதே ரகம்தான் வரும். ஊதாக் காய் ரகம் ஒன்று, பச்சைக் காய் ரகம் ஒன்று வளர்த்துக்கொள்ளுங்கள். மறுநாள் விரியப்போகும் மொட்டை மாலையில் மெதுவாகத் திறந்து, பத்து மகரந்தத் தாள்களையும் இடுக்கியால் நீக்குங்கள். பூ விடியலில் விரிந்து நண்பகலுக்குள் மூடிவிடும். ஆகவே மறுநாள் அதிகாலையில் மற்ற ரகத்தின் மகரந்தத்தைச் சூல்முடியில் தடவி, நூல் கட்டி அடையாளம் வையுங்கள். பல முயற்சிகள் உதிரும், பத்துப் பூவுக்குக் குறையாமல் செய்யுங்கள். காய் காய்ந்து சலசலத்ததும் விதையை எடுத்து, நிழலில் உலர்த்தி, உறையின் மேல் தாய் ரகம், தந்தை ரகம், தேதி மூன்றையும் எழுதி வையுங்கள். அந்த விதையை ஊன்றினால் வரும் முதல் தலைமுறைக் காய் என்ன நிறம் என்பது ஏறக்குறைய இரண்டு மாதத்தில் தெரியும்.